பல்கலைக் கழகத்தில் தமிழ் ஒரு பாடமான வரலாறு

கல்லூரியில் எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்வது என்னும் கேள்வி, மாணவன் ஒருவனுக்கே உரிய தனிக் கேள்வியாக எண்ணப்பட்டு வருகிறது. பிள்ளையின் விருப்பம் என்ன, திறமை எதில், படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டார் கூடிப் பேசுகின்றனர். ஆசிரியரிடம் யோசனை கேட்கின்றனர். ஆனால் விண்ணப்பத் தாள் அவன் கைக்கு வருமுன்பே பெரிய தேர்வு ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. எந்தெந்தப் பாடங்களின் பெயர் அத்தாளில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதே அத்தேர்வு. அச்சாகாத பாடத்தை எவ்வளவு விரும்பினாலும் எடுக்க இயலாது.

போர்ட் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பிறந்து வளர்ந்த தமிழ் மாணவன் இன்று தன் நாட்டுப் பல்கலைக் கழகத்திலேயே தமிழை எடுத்துப் பட்டம் பெறலாம். இது தானாக அமைந்த வசதிபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. இந்தியாவைப் பற்றிய உயர் கல்விக்கு எம்மொழி அடிப்படையாவது என்பது குறித்து 1950களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு வழக்கே நடந்தது. நீதிமன்றத்தில் அன்று, செய்தித்தாளிலும் பொதுக் கூட்டத்திலும் நடந்த வழக்கு. அதில் தமிழ் வென்றது. வென்ற பின்னர்தான் மற்றொரு சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. பாடம் கிடைத்துவிட்டது, அதைப் படிப்பதற்குரிய மாணவர் எங்கே?

இச்சிக்கலின் வேரைக் காணத் துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும். கிள்ளான் ஆற்று முகத்தில் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்தனர். போர்ட் கிள்ளான் என்ற பெயர் 1972-இல் வந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தொழிலாளருள் பினாங்கில் இறங்காதோர் பலர் இங்கே இறங்கினர். நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்து, பின்னர்ச் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். துறைமுகத்திலிருந்து கிள்ளான் வழியாகக் கோலாலம்பூர் செல்லும் இருப்புப்பாதையின் மறுமுனையில், பிரிக்பீல்ட்ஸில், இரயில்வேக் குடியிருப்புகள் இருந்தன. அங்கே வேறு வகைத் தமிழர் வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்து, இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டிலிருந்து அவ்வாறே வந்தவரும் உண்டு.

ஒரே இருப்புப்பாதையின் இரு முனைகளிலும் பேச்சு மொழி ஒன்று; பள்ளி வேறு. தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி, அதன் தரத்தைக் கேட்கவில்லை. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த கொட்டகைகளும் பள்ளி என்றே கணக்கில் ஏறின. நான்காம் வகுப்போடு நின்றவை பல. ஆறு வரை சென்றவை நல்ல பள்ளிகள். ஏழாம் வகுப்பை எட்டித் தேறியவன் அதே பள்ளியில் ஆசிரியனாகலாம். அதற்கு மேல் படி இல்லை. பன்னிரண்டு வயதில் பால்வாளியைத் தூக்கிய பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெறுவது என்ற கேள்வியே எழவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்கோ விக்டோரியா கல்விநிலையமும் மெதடிஸ்டு பள்ளிகளும் இருந்தன; கிள்ளானிலும் 1893 முதல் ஆங்கிலோ-சீனப் பள்ளி இருந்தது. அங்கே படித்துச் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறியவனுக்குச் சிங்கப்பூரில் இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று 1905-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி. மற்றொன்று 1928-இல் தொடங்கிய இராபிள்ஸ் கல்லூரி. இராபிள்ஸ் கல்லூரியில் ஆங்கிலம், வரலாறு, பூகோளம், பொருளாதாரம், கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியன பாடங்கள். ஆசிய மொழி ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. மலாய் நாட்டில் நிறுவிய கல்லூரியில் மலாய்கூட இடம்பெறவில்லை என்றால் தமிழைப் பற்றிக் கேட்பானேன்? வீட்டில் தேவாரம் ஓதிய குடும்பத்துப் பிள்ளையும் கல்லூரியில் ஆங்கிலக் கவிதையைத்தான் ஆராய்ந்தான். அவனுக்குப் பல்கலைக் கல்வி எட்டியது, தமிழ் எட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ் எட்டியது. பல்கலைக் கல்வி எட்டவில்லை. பின்னர் வந்த இடர்கள் அனைத்தும் இந்த முரணிலிருந்து முளைத்தவையே.

தாய்நாட்டிலும் தமிழுக்குக் கல்லூரியில் இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இல் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் பதிப்பித்து அழியாப் புகழ் பெற்றார். ஆயினும் வாழ்க்கைக்கு அவர் நாடியது அரசாங்க அலுவலும் சட்டமுமே. சிதம்பரத்தில் 1929-இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் கற்று இலண்டன் பட்டம் பெற்றவர். தமிழை மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வு வழியாகக் கற்றவர். அவரே 1943-இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். அக்காலத்துப் பெரும் புலமை பலரிடத்தில் பட்டத்துக்கு வெளியிலேயே வளர்ந்தது. மலாயாவுக்கு இந்த வழியும் அடைபட்டிருந்தது. பட்டத்துக்கு வெளியே தமிழைக் கற்பிக்கும் மடமோ சங்கமோ அந்த அளவுக்கு இங்கே இல்லை.

போருக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1947-இல் சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் அமைந்த குழு, மலாயாவுக்குப் பல்கலைக் கழகம் வேண்டும் என்று மறு ஆண்டு அறிக்கை தந்தது. 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மருத்துவக் கல்லூரியையும் இராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. இந்நாட்டு மக்களின் மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராயும் துறைகள் வேண்டும் என்ற கொள்கையும் அதனுடன் பிறந்தது. மலாய் ஆய்வுக்கும் சீன ஆய்வுக்கும் 1950களின் தொடக்க ஆண்டுகளில் துறைகள் ஏற்பட்டன. அடுத்து இந்திய ஆய்வியல் துறை.

இந்தியா என்றவுடன் கேள்வி எழுந்தது. இந்தியாவின் மொழிகள் பல. எந்த மொழியை வைத்து இந்தியாவைக் கற்பிப்பது? ஆலோசனை கூறியவர்களுள் தென்னிந்திய வரலாற்றுப் பேரறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் முக்கியமானவர். அவர் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தருவதை ஆதரித்தார். செய்தி வெளியானதும் தமிழர் கொதித்தெழுந்தனர்.

அன்றைய சினம் இன்று ஆறிவிட்டது. ஆகவே இரு பக்கத்து நியாயத்தையும் நிதானமாக எடைபோடலாம். சமஸ்கிருதக் கட்சியின் வாதம் வெறுங்கையோடு வந்ததன்று. மலாய்த் தீபகற்பத்தின் பழஞ்சின்னங்களுள் கெடாவிலும் அதை அடுத்த வெல்லஸ்லி மாநிலத்திலும் கிடைத்த புராதனக் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்தில் உள்ளவை. மலாய் மொழியில் பாஹாசா, குரு, புத்ரா போன்ற எத்தனையோ சொற்கள் அம்மொழியிலிருந்து வந்தவை. ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றை எழுதப் புகுவோன் சமஸ்கிருதம் அறியாது ஓர் அடியும் நகர முடியாது. பழமையை ஆராய்வதுதான் துறையின் நோக்கமென்றால் இவ்வாதம் வலியது.

ஆனால் பழமையிலும் தமிழுக்குப் பங்கு உண்டு என்பதைச் சாத்திரியாரைவிட நன்கறிந்தவர் யார்? சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றி 1932-இல் கட்டுரை எழுதியவர் அவர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு அங்கே தமிழில் கல் நாட்டியதை ஆராய்ச்சி உலகின் கண்முன் வைத்தவர் அவர். இன்றைய தாய்லாந்தில் உள்ள தகுவாபாவின் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றி, மலாயாவிலிருந்து வெளிவந்த ஆசியக் கழக ஏட்டில் 1949-இல் எழுதியவரும் அவரே. மணிக்கிராமத்தார் காவலில் வைக்கப்பட்ட குளத்தை அக்கல் கூறுகிறது. மலாயில் வழங்கும் கெடாய், கப்பால், காத்தில், மோடால் என்னும் சொற்களுக்குக் கடை, கப்பல், கட்டில், முதல் என்று பொருள் சொல்ல எந்த அகராதியும் வேண்டியதில்லை. அரசர் அவையிலும் கோயிலிலும் சமஸ்கிருதம் வந்து அமர்ந்தது உண்மை. சந்தையிலும் துறைமுகத்திலும் வந்து இறங்கியது தமிழ்.

தமிழ்க் கட்சியாரின் வாதம் பெரும்பாலும் பழமையைப் பற்றியது அன்று; உயிரோடு இருக்கும் மக்களைப் பற்றியது. மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தமிழர். தோட்டப் பள்ளிகள் நடந்தது தமிழில். செய்தித்தாள் வந்தது தமிழில். இம்மக்களின் வரிப்பணமும் சேர்ந்து நடக்கும் பல்கலைக் கழகத்தில் இவர்கள் மொழிக்கு இடமில்லை என்றால், இந்திய ஆய்வு என்ற பெயர் யாருக்காக? இக்கேள்வியைச் சிங்கப்பூரிலிருந்து ஓயாது எழுப்பியவர் கோ. சாரங்கபாணி. 1903-இல் திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூருக்கு வந்து, 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். 1952 முதல் தமிழர் திருநாளை நடத்திச் சமயமும் ஊரும் பாராது தமிழரை ஒரு பந்தலில் கூட்டியவர். அவர் இதழில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியில் எழுதிப் பழகிய இளைஞர் தலைமுறை ஒன்று அப்போதுதான் உருவாகி வந்தது. அவர்கள் பல்கலைக் கழகத்துக்குள் நுழைந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் நுழைய முடியாதவர்கள். ஆயினும் உள்ளே என்ன கற்பிக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சாரங்கபாணி கருதினார்.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. துறை அமைந்தால் நூல் வேண்டும்; நூல் இல்லாத துறை நெல் இல்லாத குதிர். "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் நிதி திரட்டும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பல்கலைக் கழக நூலகத்தில் தமிழ் நூல்களைக் குவிப்பது அதன் நோக்கம். பெருஞ்செல்வரின் நன்கொடையை மட்டும் நம்பி எழுந்த நிதி அன்று அது. தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், நகரசபைத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், ஆசிரியர் ஆகியோரிடமிருந்து வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்த நிதி. கொடுத்தவர்களுள் பலர் அந்நூலகத்தின் வாயிற்படியையும் மிதித்திருக்கமாட்டார்கள்.

இதே ஆண்டுகளில் சீன மக்களும் உயர் கல்விக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தனர். 1953-இல் டான் லார்க் சை முன்மொழிந்த நன்யாங் பல்கலைக் கழகத்துக்கு ரிக்‌ஷாக்காரர் முதல் பெருவணிகர் வரை கொடுத்தனர். 1956-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. சீனர் தனிப் பல்கலைக் கழகம் கட்டினர். தமிழர் பொதுப் பல்கலைக் கழகத்தில் ஒரு துறைக்கு நூல் சேர்த்தனர். செல்வத்தின் அளவும் மக்கள் தொகையும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். ஆனால் நன்யாங் 1980-இல் மற்றொரு பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. சிறிதாகக் கேட்ட தமிழர் பெற்ற துறையோ இன்றும் நிற்கிறது. எளிய கோரிக்கைக்கும் சில வேளை நீண்ட ஆயுள் வாய்க்கிறது.

1956-இல் இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக் கழகத்தில் ஏற்பட்டது; தமிழ் அதன் மொழியாயிற்று. அதற்கு மறு ஆண்டு மலாயா விடுதலை பெற்றது. 1959 சனவரியில் பல்கலைக் கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவாயிற்று. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது. 1962-இல் கோலாலம்பூர்ப் பிரிவே தனி மலாயாப் பல்கலைக் கழகம் ஆயிற்று. லெம்பா பந்தாய்ப் பள்ளத்தாக்கில், பிரிக்பீல்ட்ஸுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையில் அதன் கட்டடங்கள் எழுந்தன. அருகே பங்சார் தோட்டத்தில் அன்றும் இரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து அவ்விடம் நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான்.

தொலைவு அதுவன்று. ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்த மாணவனுக்குத் துறைக்குள் நுழையும் தகுதி இருந்தது. சங்க இலக்கியத்தைத் தமிழில் படிக்கும் பயிற்சி இல்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தவனுக்குத் தமிழ் இருந்தது. தகுதிச் சான்றிதழ் இல்லை. சமஸ்கிருதமா தமிழா என்று வாதிட்ட இரு கட்சியாரும் மாணவனை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை எனலாம். வென்ற கட்சிக்கு அது பெருங்குறையாக முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமற் காத்தவர்களுள் முதலில் கூறத்தக்கவர் தனிநாயக அடிகள்.

சேவியர் தனிநாயகம் 1913-இல் யாழ்ப்பாணத்தின் தீவுப் பகுதியான கரம்பனில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெற்று, உரோமாபுரியில் இறையியல் கற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவராய்த் திரும்பினார். 1940-இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானார். தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியது அங்கேதான். இலத்தீனும் இத்தாலியமும் கற்றுத் தெளிந்த ஒருவர், முப்பது வயதை நெருங்கும்போது தம் மொழியின் இலக்கணத்தைப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் ஆய்வு அங்கே விளைந்தது. அது பின்னர் நூலாக வந்து, 1966-இல் நிலத்தோற்றமும் கவிதையும் என்று பொருள்படும் புதிய ஆங்கிலத் தலைப்பில் மறுபதிப்பாயிற்று.

மலாயாவுக்கு வேண்டிய ஆசிரியர் இத்தகையவரே. ஆங்கிலப் பள்ளியில் படித்தமையால் தமிழைத் தவறவிட்ட இளைஞனின் நிலை அவருக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததன்று. 1952 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் அவர் விரிவுரை நிகழ்த்தியது கல்வியியல் துறையில். தமிழ்த் துறையில் அன்று. ஆகவே பாடத்தை எங்ஙனம் கற்பிப்பது என்பதையும் அவர் ஒரு தனித் துறையாகவே பயின்றிருந்தார். 1961-இல் கோலாலம்பூரில் இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்று 1969 வரை பணியாற்றினார். தமிழை உலக இலக்கியங்களுள் ஒன்றாக வைத்துக் காட்டுவது அவர் முறை. கிரேக்கத்தையும் சீனத்தையும் அருகில் வைத்துக் குறுந்தொகையைப் படிக்கும் மாணவன், தான் வேலையற்றோர் பாடத்தை எடுத்துவிட்டதாக நாணத் தேவையில்லை. தமிழ் ஆய்வுக்கு உதவும் பிறமொழி நூல்களின் வழிகாட்டி ஒன்றை 1966-இல் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலம் கடல் கடந்து வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் தமிழுக்கு இடமுண்டா என்று வாதிட்டுக்கொண்டிருந்த பல்கலைக் கழகத்தில், பல நாட்டு அறிஞர் தமிழைப் பற்றி ஒரு வாரம் பேசினர். இரண்டாம் மாநாடு சென்னையில் 1968-இல் நடந்தது. முதலாவது சென்னையில் நடக்காமல் கோலாலம்பூரில் நடந்தது தற்செயல் அன்று.

அத்துறையில் விரிவுரையாளராக இருந்த இராம. சுப்பையா செய்த பணி ஒன்று, மாநாட்டைப் போல் ஆரவாரம் இல்லாதது. ஆயினும் பயன் மிக்கது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்துத் தமிழ் மலேசியானா என்னும் நூற்பட்டியலை ஆக்கினார். பல்கலைக் கழக நூலகம் அதனை 1969-இல் வெளியிட்டது. தோட்டத்திலும் அச்சுக்கூடத்திலும் சிதறிக் கிடந்த இந்நாட்டுத் தமிழ் எழுத்துக்கு முறையான கணக்கு அதன் வழியே கிடைத்தது.

துறை நிலைபெற்றது. ஆனால் அதற்கு மாணவரை அனுப்பும் ஏணி என்ன ஆயிற்று? தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளியாகவே நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கிறது. மேலே தமிழ் இடைநிலைப் பள்ளி என்பது நிலைக்கவில்லை. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை அரசாங்க இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறான். மலாய் மொழியில் தேர்ச்சி குறைந்தவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து செல்கிறான். அங்கே மற்றப் பாடங்கள் எல்லாம் 1960களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. 1970க்குப் பின் படிப்படியாக மலாயில் நடந்தன. தமிழ், தாய்மொழிப் பாடம் என்ற பெயரில், கால அட்டவணையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளி முடிந்த பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் அவ்வகுப்பு நடந்த ஊர்கள் பல. நண்பர் பந்தாடப் போகும்போது தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள்தாம் பின்னர் லெம்பா பந்தாய்த் துறைக்கு மாணவராயினர்.

ஆகவே பதினெட்டு வயதில் பல்கலைக் கழக விண்ணப்பத்தில் தமிழ் என்று எழுதுகிறவன் உண்மையில் பதின்மூன்று வயதில் ஒருமுறையும் பதினாறு வயதில் ஒருமுறையும் அதைத் தேர்ந்தவன். நடுவில் ஒருமுறை விட்டவனுக்கு வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் மொழி ஒரு பாடம், தமிழ் இலக்கியம் மற்றொரு பாடம். அறிவியல் பிரிவு மாணவனுக்கு இவ்விரண்டும் கட்டாயப் பாடங்களுக்கு மேற்பட்ட சுமை. சிறந்த புள்ளி எடுக்கும் பிள்ளைகள் அறிவியல் பிரிவுக்குச் செல்வது வழக்கமாதலால், மொழியில் சிறந்தவரைத் தமிழ் இழப்பது அந்த வயதிலேயே நிகழ்கிறது. இலக்கியப் பாடத்தைப் பள்ளி அட்டவணைக்கு வெளியே, ஊதியம் கருதாத ஆசிரியர் பலர் கற்பித்துக் காத்துவருகின்றனர்.

2009-இல் இந்த மெல்லிய இழையும் அறுபடும் நிலை வந்தது. மறு ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுத இயலாது என்று கல்வி அமைச்சு அறிவித்தது. மாணவரின் சுமையைக் குறைப்பது அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. அந்நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் பத்து என்ற எல்லைக்குள் முதலில் விழுவது எது என்பதைத் தமிழாசிரியர் உடனே கண்டுகொண்டனர். கட்டாயப் பாடத்தை விட முடியாது. மருத்துவத்துக்கு வேண்டிய பௌதிகத்தை விடமாட்டான். விடுவது தமிழ் இலக்கியத்தை, அடுத்துத் தமிழை. நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன, விண்ணப்பங்கள் சென்றன. பத்துக்கு மேல் இரண்டு பாடங்கள் எழுதலாம் என்று அரசாங்கம் பின்னர் இசைந்தது. 1950களின் வழக்கு உச்சியில் நடந்தது. இது ஏணியின் நடுப்படியில் நடந்தது. இரண்டாவதே அதிக ஆபத்தானது என்று சொல்லத் தோன்றுகிறது. உச்சிப்படியை இழந்தால் ஊர் அறியும். நடுப்படி உடைந்தால் ஏறுவோர் குறைவது மட்டுமே தெரியும்.

பெற்றோர் பக்கத்தையும் நோக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் கலைந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரங்களில் வந்து தங்கிய குடும்பங்களுக்குப் பிள்ளையின் பட்டம் ஒன்றே குடும்பத்தின் மூலதனம். மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று அவர்கள் நாடுவதைத் தமிழ்ப் பற்றின்மை என்று சொல்வது அநீதி. மலாயாப் பல்கலைக் கழகத்தின் வரலாற்று விரிவுரையாளரான தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இவ்வாசையையே கூட்டு முயற்சியாக்கி ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்கலைக் கழகங்களுக்குள் செலுத்தியது. தமிழ்ப் பள்ளியில் படித்தவன் மருத்துவனாவது தமிழுக்கு இழப்பாகாது. தமிழ் மொழிக் கழகத்தின் மாணவர் நடத்திவரும் பேரவைக் கதைகள் என்னும் சிறுகதைப் போட்டியை எண்ணிப் பார்த்தாலே போதும். பல்கலைக் கழகத்தில் தமிழ் வாழ்வது இந்திய ஆய்வியல் துறையின் சுவருக்குள் மட்டும் அன்று.

ஆயினும் ஒரு கணக்கு மாறாது. மருத்துவனாகப் போகும் பிள்ளைக்கும் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஒருவர் வேண்டும். அவர் தமிழைப் பல்கலைக் கழகத்தில் முதன்மையாகப் பயின்றவராக இருக்க வேண்டும். அவ்வாறு பயில்வோர் குறைந்தால் இடைநிலைப் பள்ளியில் வகுப்பு நிற்கும்; வகுப்பு நின்றால் பல்கலைக் கழகத்துக்கு மாணவர் வாரார். தமிழைத் தேர்ந்து பட்டம் பெறும் ஒருவர் பின்வரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தேர்வுத் தாளில் தமிழ் இருக்குமா என்பதையும் தேர்ந்துவிடுகிறார். இன்று வழிகள் முன்னைவிடப் பெருகியுள்ளன. மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையோடு மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிசு கல்வியியல் பல்கலைக் கழகத்தில் தமிழ்க் கல்வியில் ஆசிரியர் பட்டம் உண்டு. 1987-இலும் 2015-இலும் உலகத் தமிழ் மாநாடு மீண்டும் கோலாலம்பூரில் கூடியது. உச்சிப்படி உறுதியாகவே உள்ளது.

கீழ்ப்படி கிள்ளானில் உள்ளது. நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலிருந்தும், துறைமுகத்தையும் பழைய தோட்டங்களையும் அடுத்த சிறு பள்ளிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஆறாம் வகுப்பை முடித்துப் பல இடைநிலைப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே எண்ணைக் கூறுகின்றன. ஒரு பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும். பதினான்கு பேர் கேட்டால் பள்ளியைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. முதல் படிவத்தின் முதல் வாரங்களில், கையொப்பத் தாளை எடுத்துக்கொண்டு பதினைந்தாவது பெற்றோரைத் தேடி அடுக்குமாடி வீடுகளின் படியேறிச் செல்பவர் பெரும்பாலும் தமிழாசிரியரே.